பெலின்சோனாவில் காகம் தேடிய சனிக்கிழமை

பெலின்சோனா நகரத்தில் மூன்று கோட்டைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில், அதுவும் எட்டு வயதில், கால்நடையாக ஏறி முடித்த ஒரே தமிழன் நான்தான்.

பொய். முதலாவது கோட்டைக்கு லிஃப்டில் போனேன். இரண்டாவதுக்கு அழுதுகொண்டு போனேன். மூன்றாவதுக்கு அப்பாவின் முதுகில் போனேன். ஆனால் கலியாண வீடுகளில் இந்தக் கதை வரும்போதெல்லாம் முதல் வசனத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆட்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. அதற்குள் ரோல்ஸ் தட்டு வந்துவிடும்.

இன்று முழுக்கதையையும் எழுதக் காரணம், இன்று சனிக்கிழமை. வீட்டில் சோறு, கறி எல்லாம் ஆகிவிட்டது. வாசம் வருகிறது. ஆனால் சாப்பிட இன்னும் விடவில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும். சும்மா இருந்தால் பசிக்கும் என்பதால் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தவன் அல்ல. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் முதல் தரத்தைவிடக் குறைவாக விளங்கியது. டொச்சு, அதாவது ஜெர்மன் மொழிப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றி எழுதி அனுப்பும் கடிதங்களை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் நானே என்பதால், அம்மாவைப் பொறுத்தவரை நான் கெட்டிக்காரப் பிள்ளை. இதை அக்கா திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் அவளைப் பேசுங்கள். கதையில் பிழை இருந்தால் என்னைப் பேசுங்கள்.

அப்போதும் நாங்கள் சுவிஸில் வில் என்ற இதே ஊரில்தான் இருந்தோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் கதவுப் பூட்டுக்கான இரும்புத் துண்டுகளை அச்சில் அடித்து இறக்கும் வேலை செய்தார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அந்த வருடம் எங்கள் குடும்பம் சுவிஸ் பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்திருந்தது. நகரசபையில் நேர்காணலுக்கு ஒரு புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்பாவுக்கு அந்தப் பாஸ்போட் லண்டன் போவதற்காக வேண்டியிருந்தது. லண்டனில் பெரியப்பா இருந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். இருபது வருடமாக இருவரும் ஒருவரையொருவர் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் சண்டை பிடிப்பதோடு சரி. அப்பா தன் கையில் இருந்த, அகதிகளுக்குக் கொடுக்கும் நீலநிறப் பயணப் பத்திரத்தைக் காட்டி இரண்டு தரம் விசா கேட்டார். இரண்டு தரமும் இல்லை என்று வந்தது. பெரியப்பாவுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால் அவரால் இங்கே வர முடியாது. போவதென்றால் அப்பாதான் போக வேண்டும். அதற்கு அந்தச் சிவப்புப் புத்தகம் வேண்டும்.

இந்த இடத்தில் மாமா வருகிறார். மாமா அம்மாவின் தம்பி, ஓஸ்டர்முண்டிகனில் இருப்பவர். அதற்கு இரண்டு வருடம் முன்பே தனக்குப் பாஸ்போட் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து சுவிஸ் நாட்டைப் பற்றிய எல்லாவற்றுக்கும் அவர்தான் நிபுணர். நேர்காணலுக்கு மூன்று கிழமை இருக்க அவர் தொலைபேசி எடுத்தார். அப்பா ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

“அத்தான், சட்டதிட்டம் எல்லாரும் பாடமாக்கிக்கொண்டு போவினம். அவங்கள் கடைசியில சிரிச்சுக்கொண்டு ஒரு கேள்வி கேப்பாங்கள், சுவிஸில எங்கெங்க சுத்திப் பாத்தனீங்கள் எண்டு. அதிலதான் ஆள் விழுகிறது. நீங்கள் எங்க பாத்தனீங்கள்?”

அப்பா யோசித்தார். “திரிம்பாக் கோயில்.”

“வேற?”

“சூரிச்சில ரெண்டு மண்டபம். பாசல்ல ஒண்டு. லூசர்ன்ல ஒரு சாமத்தியவீட்டு மண்டபம், கார் விட இடமில்லாதது.”

“அத்தான், மண்டபம் பாக்கிறது சுவிஸ் பாக்கிறது இல்லை. தெசினுக்குப் போனனான் எண்டு சொல்லுங்கோ. தெற்கு, இத்தாலியன் கதைக்கிற பக்கம். கோட்டை இருக்கு, பனைமரம் மாதிரி மரமெல்லாம் நிக்குது. அவங்களுக்குப் பிடிக்கும்.”

“நான் போகேல்லையே.”

“ஆர் வந்து பாக்கப் போறான்?”

“போகாத இடத்துக்குப் போனன் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?”

“வாயாலதான், அத்தான்.”

அப்பாவால் அது முடியாது. ஒருமுறை வேலைக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போனவர், ரயில் பிந்தியது என்று ஊரெல்லாம் சொல்கிற பதிலைச் சொல்லாமல், அலாரம் அடித்தது, நான்தான் எழும்பவில்லை என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தவர். அப்படிப்பட்டவருக்கு என்னைப் போல் ஒரு மகன் எப்படிப் பிறந்தான் என்று அம்மா அடிக்கடி கேட்பார். நானும் கேட்டிருக்கிறேன்.

பொய் சொல்ல முடியாததால் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. மாமா தன் நேர்காணலில் தெசின் மாநிலத்தின் தலைநகர் லுகானோ என்று சொல்லி அவர்களைச் சிரிக்கவைத்த ஆள். அதனால் அப்பா அக்காவிடம் கேட்டார். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் வீட்டின் கலைக்களஞ்சியம். “பெலின்சோனா” என்றாள். தலைநகருக்கே போவோம் என்றார் அப்பா.

நகரசபையில் நாள் சீட்டு என்று ஒன்று விற்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் நாடெங்கும் ரயிலில் போகலாம். ஒரு நாளைக்குச் சில சீட்டுகள்தான் இருக்கும். அப்பா போய்க் கேட்டபோது நேர்காணலுக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அம்மா குசினியில் தொங்கும் நாட்காட்டியைப் பார்த்தார். அது புரட்டாதிச் சனி.

புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சனீஸ்வரனுக்கு விரதம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, மரக்கறிச் சமையல் சமைத்து, முதற் பிடிச் சோற்றை எள்ளோடு பிசைந்து காகத்துக்கு வைக்க வேண்டும். காகம் சனீஸ்வரனின் வாகனம். அது வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். வராவிட்டால் காத்திருக்க வேண்டும். அந்த வருடம் அப்பாவுக்கு ஏழரைச் சனி வேறு நடந்துகொண்டிருந்தது. விசா இரண்டு தரம் தவறியதற்கும், தொழிற்சாலையில் அப்பாவின் பெருவிரல் நசுங்கியதற்கும், பள்ளிக்கூடத்தில் என் புள்ளிகளுக்கும் சனிதான் காரணம் என்று அம்மா நம்பினார். கடைசி விடயத்தில் நான் சனீஸ்வரனுக்கு மிகவும் நன்றியுள்ளவன்.

“வேற நாள் இல்லையோ?” என்று கேட்டார் அம்மா.

“இல்லை.”

“அப்ப காகத்துக்கு?”

“தெசினிலயும் காகம் இருக்கும்தானே,” என்றார் அப்பா.

அம்மா நாலு மணிக்கு எழுந்து சமைத்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். எல்லாம் அடுக்குப் பாத்திரத்துக்குள் போயிற்று. காகத்தின் எள்ளுச் சோறு மட்டும் தனியாக ஒரு சிறிய டப்பாவில். வாழையிலையை ஈரத் துவாயில் சுற்றி என் பள்ளிக்கூடப் பையில் வைத்தார். ரயில் புறப்பட்டதும் சட்டத்தைச் சொன்னார்: காகம் கொத்துமட்டும் ஒருவரும் பாத்திரத்து மூடியைத் தொடக் கூடாது. எனக்கும் அக்காவுக்கும் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் விலக்கு. இடியப்பம். நான் ஒன்பது சாப்பிட்டேன். பின்னால் என் பசியைப் பற்றி உருக்கமாகச் சொல்லப் போகிறேன், அப்போது இந்த ஒன்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கோட்தார்ட் மலைக்குக் கீழே புதிய நீளச் சுரங்கம் திறந்திருக்கவில்லை. ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயம் முதலில் எங்கள் தலைக்கு மேலே தெரிந்தது. அம்மா கும்பிட்டார். ஒரு சுரங்கம் முடிந்ததும் பக்கத்தில் தெரிந்தது. அம்மா மறுபடி கும்பிட்டார். இன்னொரு சுரங்கம் முடிந்ததும் காலுக்குக் கீழே தெரிந்தது.

“இந்த ஊரில எத்தினை கோயில்!” என்றார் அம்மா, மூன்றாம் தரம் கும்பிட்டபடி.

“அது ஒண்டுதான் அம்மா, ரயில்தான் சுத்துது,” என்றாள் அக்கா.

“அப்ப மூண்டு தரம் சுத்திக் கும்பிட்ட மாதிரி. நல்லதுதானே.”

பத்து மணியளவில் பெலின்சோனாவில் இறங்கினோம். சனிக்கிழமைச் சந்தை. பழைய வீதிகள் முழுக்கச் சீஸ், பாண் ரொட்டி, கஸ்தான் கொட்டை, தொங்கும் பன்றி இறைச்சிக் குழல்கள். அப்பா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார். அம்மாவுக்கு ஊர் உடனே பிடித்துவிட்டது. “இஞ்ச எங்கட ஆக்கள் மாதிரிக் கத்திக் கதைக்கினம்,” என்றார். வில்லில் எங்கள் மாடியில் அம்மா தொலைபேசியில் கதைத்தால் கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் கூரையில் தட்டுவாள்.

மாமா இன்னொன்றும் சொல்லியிருந்தார். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்றும் கேட்பார்களாம். சந்தையின் நடுவில் ஒரு மனிதர், உள்ளே இறங்கிக் குளிக்கலாம் போன்ற பெரிய செப்புக் கிடாரத்தில் பொலெந்தா கிண்டிக்கொண்டிருந்தார். சோளமாக் களி. நிறம் மட்டும் மஞ்சள், மற்றபடி எங்கள் களியின் தூரத்துச் சொந்தம். விரதக்காரர் சாப்பிடலாமா என்று அம்மா கிடாரத்தைச் சுற்றி வந்து சோதித்தார்.

“பிள்ளை, இந்தத் தடியால முதல் இறைச்சி ஏதும் கிண்டினதோ எண்டு கேள்.”

அக்காவுக்கு மானம் போயிற்று. ஆனாலும் கேட்டாள். டொச்சில், அந்தத் தடி மரக்கறியா என்று கேட்டாள். அந்த மனிதர் தடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இல்லை, இது மரம் என்றார்.

ஒரு பெட்டி வாங்கினோம். அப்பா தீர்மானம் சொன்னார்: தனியாகச் சாப்பிட்டால் விரதத்தில் இரண்டு தரம் சாப்பிட்டதாகிவிடும், ஆகவே பொலெந்தாவையும் அதே வாழையிலையில் சோற்றோடு வைத்து ஒரே இருப்பில் சாப்பிடுவார். அதற்கு முதலில் காகம் வேண்டும்.

முதலாவது கோட்டைக்கு ஊருக்குள்ளிருந்தே பாறையைக் குடைந்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மேலே பச்சைப் புல், உயரமான இரண்டு கோபுரங்கள், மதிலின் ஓரமாகத் திராட்சைத் தோட்டம். அப்பா மதில்மேல் ஒரு துண்டு வாழையிலை வைத்து, அதில் எள்ளுச் சோற்றை வைத்து, ஆறடி தள்ளி நின்று அழைத்தார்.

“கா... கா... கா...”

புறா வந்தது. அப்பா துரத்தினார். மறுபடி அழைத்தார். பத்துப் புறா வந்தது. ஒரு சுற்றுலாக் கூட்டம் கோபுரத்தை விட்டுவிட்டு அப்பாவைப் படம் பிடித்தது. அக்கா எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளைப் போலத் திராட்சையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புல் வாரிக்கொண்டிருந்த ஒரு வயதான தோட்டக்காரர் வந்து இத்தாலியனில் ஏதோ சொன்னார், விரலை ஆட்டினார். பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று விளங்கியது. அப்பா தன் தொழிற்சாலை டொச்சில் விளக்கினார்: “இன்று, முதலில் காகம் சாப்பிட வேண்டும். பிறகு நான் சாப்பிட வேண்டும்.”

தோட்டக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அடுக்குப் பாத்திரத்தைப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது, இரண்டு கைகளையும் சிறகு மாதிரி அடித்துக் காட்டி, எதிர் மலையில் இருந்த இரண்டாவது கோட்டையைச் சுட்டிக் காட்டினார். காகம் அங்கே என்று அர்த்தம். அப்பா அவருக்குக் கைகொடுத்துவிட்டு எள்ளுச் சோற்றைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

இரண்டாவது கோட்டைக்குப் படி ஏறும்போது அக்கா நேர்காணல் கேள்விகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பா மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்னார்.

“மத்திய அரசில எத்தினை பேர்?”

“ஏழு பேர். என்னைப் பிடிச்சிருக்கிறது ஏழரை.”

நான் அழுததாகச் சொன்னேன் அல்லவா, அது இங்கேதான். கீழே ஒரு ஐஸ்கிரீம் கடையைக் கடந்து வந்திருந்தோம். காகம் சாப்பிடாமல் நாங்கள் சாப்பிடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஒரு ஐஸ்கிரீமுக்கும் ஒரு காகத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒவ்வொரு படியிலும் கேட்டேன்.

இரண்டாவது கோட்டையில் ஒரு பறவை வந்தது. வால் நீளம். கறுப்பு, ஆனால் வயிறு வெள்ளை.

“இதுவும் காகச் சாதிதானே, ஒரு கொத்துக் கொத்தினால் காணும்,” என்றார் அம்மா.

“சனீஸ்வரன்ட வாகனத்தில வெள்ளை இல்லை,” என்றார் அப்பா. “இது வேற மொடல்.”

வேற மொடலும் சோற்றை ஒரு கண்ணால் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. அப்பா கோட்டையின் மூலை மூலையாகச் சுற்றினார். தொங்குபாலம், உள்மதில், வெளிமதில், கோபுரம், கோபுரத்தின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார்த்தார். காகத்தைக் காணவில்லை. மணி இரண்டு ஆகியிருந்தது. மூன்றாவது கோட்டை தலைக்கு மேலே, காட்டுக்குள், எட்டாத உயரத்தில் இருந்தது.

“திரும்பிப் போவம்,” என்றார் அம்மா.

“உயரத்திலதான் காகம் கூடு கட்டும்,” என்றார் அப்பா.

நான் ஒரு கல்லில் உட்கார்ந்து, என் கால்கள் இனி வேலை செய்யாது என்று அறிவித்தேன். எட்டு வயது, ஆனால் எடை பத்து வயதுக்காரனுடையது. அப்பா குந்தி முதுகைக் காட்டினார். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீர் மட்டும் குடித்திருந்த மனிதர், ஒன்பது இடியப்பம் சாப்பிட்ட என்னை முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறினார். வழியில் நான் அவருடைய காதைப் பிடித்துக்கொண்டு, கெதியாய்ப் போங்கோ அப்பா என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

மேலே போய்ச் சேர்ந்தபோது அப்பா கோட்டை முற்றத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

“இஞ்சேருங்கோ, இதையாவது குடியுங்கோ. இத்தாலிக் காகங்களுக்கு விரதம் தெரியாது.”

“வரும். புதன்கிழமைக்கு நாலு நாள்தான் கிடக்கு. இண்டைக்கு இதைப் பிழைக்க விட ஏலாது.”

அம்மாவும் அக்காவும் காகம் தேடிக் கோபுரத்தின் மறுபக்கம் போனார்கள். இலையையும் எள்ளுச் சோற்றையும் மதிலின் வளைவுக்கு அப்பால் ஒரு தாழ்ந்த கல்லில் வைத்துவிட்டு, அப்பா என்னைக் காவலுக்கு நிறுத்தினார். “சத்தம் போடாமல் நிண்டு பார். ஆளைக் கண்டால் பயப்பிடும்.” சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது நானும் சோறும்தான்.

முதலில் ஒரு பருக்கையை மட்டும் எடுத்தேன். காகம் பருக்கைகளை எண்ணிக்கொண்டா சாப்பிடப் போகிறது என்று நினைத்தேன். பிறகு அது எப்படியும் மூன்று பருக்கைகளைச் சிந்தும் என்று தோன்றியது, அந்த மூன்றையும் எடுத்தேன். பிறகு எதுவும் தோன்றவில்லை, எல்லாவற்றையும் சாப்பிட்டேன். அப்பா சுவரோடு சாய்ந்துவிட்டதைக் கண்டு, அவர் சாப்பிட வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதுவும் பொய். பசியில் சாப்பிட்டேன். இலையை மட்டும் விட்டேன். காகம் இலை தின்னாது என்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது.

பிறகு சாட்சி வேண்டும் என்று தோன்றி, மதிலுக்குப் பின்னால் குனிந்து நின்று என் சொந்தக் குரலில் இரண்டு தரம் “கா, கா” என்று கத்தினேன். அதன் பிறகு ஓடினேன்.

“அப்பா! வந்திட்டுது! திண்டிட்டுது!”

அப்பா கண்ணைத் திறந்தார். “கண்டனியோ?”

“ஓம் அப்பா. பெரிய காகம். கறுப்பு.”

“காகம் கறுப்புத்தான்.”

எழுந்து வந்து வெறும் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, கைக்குட்டையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், என் உதட்டோரத்தையும் நாடியையும் துடைத்துவிட்டார். துடைத்த லேஞ்சியை விரித்து ஒருதரம் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார். மலைப் பக்கம் திரும்பிக் கை கூப்பிக் கண்ணை மூடி நின்றார். எவ்வளவு அன்பாகத் துடைத்துவிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

“சரி. அம்மாவையும் அக்காவையும் கூப்பிடு,” என்றார். “பிள்ளையளுக்குப் பசிக்குது.”

முற்றத்து ஓரத்தில் இலை விரித்துச் சாப்பிட்டோம். பொலெந்தா இறுகிச் செங்கல்லாகியிருந்தது. அப்பா அதை உடைத்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லாயிருக்கு என்றார். கீழே ஊர் முழுவதும் தெரிந்தது, நாங்கள் தோற்றுவிட்டு வந்த இரண்டு கோட்டைகளும் தெரிந்தன. எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு நாளில் நேர்காணல், சனீஸ்வரனின் சாப்பாடு என் வயிற்றுக்குள். அப்போதுதான் கணக்கு எனக்கு உறைத்தது.

பின்னேரம் ரயில் நிலையத்துக்கு வந்தால், மேடையில் யாரோ போட்ட பாண் துண்டைக் கொத்திக்கொண்டு நின்றது ஒரு காகம். கன்னங்கரியது. அப்பா நின்று பார்த்தார்.

“இதுதான் அப்பா! இதுதான் நான் கண்ட காகம்!”

“ஓமோ,” என்றார் அப்பா. “ஆளை நல்லா அடையாளம் வைச்சிருக்கிறாய்.”

புதன்கிழமை நகரசபை நடையில் ஒரு நீள மர வாங்கில் என்னை இருத்திவிட்டு மூவரும் உள்ளே போனார்கள். முக்கால் மணி நேரம். நான் சனீஸ்வரனிடம் எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் மன்னிப்புக் கேட்டேன். உள்ளே நடந்ததைப் பேருந்தில் அக்கா சொன்னாள். கேள்வி கேட்க மூன்று பேர் இருந்தார்களாம். மாமா சொன்னபடியே கடைசியில் அந்தக் கேள்வி வந்ததாம். அப்பா பெலின்சோனா என்று தொடங்கி, முதலாவது கோட்டையின் கோபுரங்கள், இரண்டாவதின் தொங்குபாலம், எந்த மதிலின் பின்னால் என்ன இருக்கிறது, மூன்றாவதுக்கு எவ்வளவு ஏற்றம் என்று நிறுத்தாமல் சொன்னாராம். பொலெந்தாவைப் பருப்போடு சாப்பிட்டால் நல்லது என்றும் சொன்னாராம். ஒரு நாளில் எப்படி இவ்வளவும் பார்த்தீர்கள் என்று ஒரு பெண் ஆச்சரியப்பட்டாராம். அப்பா உள்ளதைச் சொன்னார்: காகம் தேடினோம். ஏன் தேடினோம் என்றும் சொன்னார். மூவரும் சிரித்தார்களாம். அவர்களில் வயதானவர் கேட்டாராம், “சரி, கடைசியில் காகம் வந்ததா?”

“அப்பா என்ன சொன்னவர்?” என்று நான் கேட்டேன்.

“கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னவர், வந்தது எண்டு என்ட மகன் சொன்னவன் எண்டு.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் பள்ளிக்கூட இடைவேளைப் பாணில் பாதியைக் காகங்களுக்குப் போட்டேன். வில்லில் காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆசிரியை அதைப் பற்றியும் கடிதம் எழுதினார். நான் சத்துணவுத் திட்டம் என்று மொழிபெயர்த்தேன். வசந்தத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அதை மட்டும் அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். எங்களை எடுத்துக்கொண்டார்கள். புத்தகம் கைக்கு வந்த கோடையிலேயே அப்பா லண்டன் போனார். அண்ணனும் தம்பியும் முதல் நாளே நேரில் சண்டை பிடித்தார்களாம். அப்பா இரண்டு கிழமை நின்றுவிட்டுக் கொழுத்து வந்தார்.

நான் சனீஸ்வரனையும் அப்பாவையும் ஒரே நாளில் ஏமாற்றிய வீரன் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பேருந்தில் சொன்னதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு நம்பிக்கை பார் என்று பெருமைப்பட்டேன். லண்டனே தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு, ‘ஓம், வந்தது’ என்ற இரண்டு சொல்லைச் சொல்லாமல் ஏன் யோசித்தார் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. எள்ளு கறுப்பு, லேஞ்சி வெள்ளை என்பதும் தோன்றவில்லை. அன்று காகம் வரும்வரை மலையிலேயே இருந்திருக்கக் கூடிய மனிதர், நேர்காணலுக்கு நாலு நாள் இருக்க, எதை நம்பி இலையில் கை வைத்தார் என்று

“டேய் தம்பி!”

அப்பா பல்கனியிலிருந்து கூப்பிடுகிறார். இன்றைக்கும் புரட்டாதிச் சனிதான்.

“இஞ்ச ஒருக்கா வா. சோறு வைச்சு ஒரு மணித்தியாலமாகுது, ஒண்டையும் காணேல்லை. நீ வந்து நிண்டால்தான் காகம் வரும்.”

“வாறன் அப்பா, இதை எழுதி முடிச்சிட்டு வாறன்.”

“அதுக்கிடையில கொம்மா மயங்கிப் போவா. கெதியா வா. வரேக்க லேஞ்சியையும் எடுத்துக்கொண்டு வா.”